கடைசிப் பயனர்

நாங்கள் சிலர் சேர்ந்து லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பதிப்பை வெளியிடுகிறோம். சம்பளம் கிடையாது. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. அன்றைய கூட்டத்தில் சண்டை, முப்பத்திரண்டு பிட் என்ற பழைய ரகக் கணினிகளைப் பற்றி.

"எல்லா மென்பொருளையும் அதுக்குன்னு தனியா உருவாக்க வேண்டியிருக்கு. அது முடியற வரைக்கும் மத்தவங்களுக்கும் வெளியீடு நிக்குது," என்றார் தலைவர். "உடைஞ்சா சரிபண்ண ஆளில்ல. ஓட்டிப் பாக்க மெஷினில்ல. பயனர் ஒரே ஒருத்தர்தான் இருக்காரு. விட்டுரலாமா?"

அந்த ஒருத்தர் என் அக்கா. சீருடைகளில் பள்ளிச் சின்னம் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய எம்ப்ராய்டரி மெஷினின் கேபிள் பொருந்துவது ஒரு கிழட்டுக் கணினியில் மட்டும்தான். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளே நான். அது நின்றால் கடை நிற்கும்.

"நான் சோதிச்சுத் தரேன்," என்றேன்.

"எதுல?"

"மெஷின் இருக்கு."

மறுநாள் கடைக்குப் போனேன். பள்ளி திறக்கும் நேரம். நாற்காலியில்கூடச் சட்டைகள்தான் உட்கார்ந்திருந்தன.

"நல்லாத்தானே ஓடுது?" என்றாள் அக்கா.

"அதைக் காப்பாத்தத்தான்கா வந்திருக்கேன். எங்க ஆளுங்க இந்தப் பழைய கம்ப்யூட்டரை விட்டுரலாம்ங்கறாங்க."

புதிய பதிப்பை ஏற்றினேன். பாதியில் ஹார்ட் டிஸ்க் இரண்டு முறை கனைத்துவிட்டு ஓய்ந்தது. திரும்ப எழவே இல்லை. அக்கா தைக்கும் சின்னங்களின் கோப்புகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. பேக்கப் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவங்க விட்டிருந்தா என்னடி ஆயிருக்கும்?"

"புதுசா எதுவும் வராது. இருக்கறது அது பாட்டுக்கு ஓடும்."

"ஓடும்?"

"ஓடும்."

அவள் ஒரு சட்டைக் குவியலை என் மடியில் தள்ளி, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில், மடிக்கணினியைத் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு கலந்துகொண்டேன். பயனர் எண்ணிக்கை பூஜ்யம் என்று தலைவர் அறிவித்தார். "ஆட்சேபணை இருக்கறவங்க கை தூக்குங்க," என்றார்.

என் கைகள் காலியாக இல்லை. சட்டைப் பையில் சின்னத்தின் பாதியைத்தான் தைத்து முடித்திருந்தேன்.