திருப்பத்து வீட்டுக்கு வந்த பெரியவர்கள்

புருல்சா தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து முதல் ஈட்டு ரொட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஊர்த்தலைவர் கெரிம்பெக் முன்னால் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நரைத்த தாடியோடு இஷெனாலி பெரியவர். பின்னால் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக. எப்போதும் வாசலில் கால் வைக்கும் முன்பே "மதினி, டீ இருக்கா" என்று சத்தம் போடுகிற கெரிம்பெக் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் பக்கத்து வீட்டு ஜூரா கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் மலைப்பக்கத்தில் நல்ல செய்தி என்றால் ஒற்றை ஆள்தான் கொண்டுவருவான். மூச்சிரைக்க ஓடிவந்து கையை நீட்டுவான், பரிசு வாங்கிக்கொண்டுதான் விஷயத்தையே சொல்லுவான். கெட்ட செய்தியை அப்படிக் கொண்டுபோவது கிடையாது. பெரியவர்கள் ஒன்றுகூடி, வழியெல்லாம் பேசாமல் நடந்து, வாசலில் வந்து நிற்பார்கள். விழுகிறவளைப் பிடித்துத் தண்ணீர் தெளிக்கப் பின்னால் பெண்கள் வருவார்கள். கணவாயில் லாரியோடு உருண்டு புருல்சாவின் புருஷன் மொல்தோ செத்தபோது, அவளுடைய இதே கேட்டில் இதே ஆட்கள் இப்படித்தான் வந்து நின்றார்கள். அன்றைக்கும் கிண்ணம் ஜூராவின் கையில்தான் இருந்தது.

புருல்சாவுக்கு இருப்பது ஒரே மகன். தைலாக் அதே கணவாயில்தான் நிலக்கரி லாரி ஓட்டுகிறான். இரண்டு நாளாக அவன் போனை எடுக்கவில்லை.

கெரிம்பெக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். "மதினி," என்றான். "மனசைத் திடப்படுத்திக்கோங்க."

ரொட்டிக் கொக்கி கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே தெரியாது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். முற்றத்து மண்ணில் விழுந்து மாவுக் கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். என் ஒற்றைக் குதிரையே, என் வீட்டின் நடுத்தூணே, உன் அப்பன் போன வழியிலேயே உன்னையும் அனுப்பினேனே என்று ஒப்பாரி எடுத்தாள். இரண்டு கன்னத்தையும் நகத்தால் கீறிக்கொண்டாள். இப்போதெல்லாம் யாரும் கன்னத்தைக் கீறிக்கொள்வதில்லை, அது பாட்டன் காலத்து வழக்கம். ஆனால் அவள் கை அவளைக் கேட்டுக்கொண்டா செய்தது?

ஜூரா ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள். கெரிம்பெக் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். அவளை அழவிட்டுத்தான் மூன்றாவது முறை பேசினான்.

"மதினி, போதும். தைலாக்குக்கு ஒண்ணும் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்திலிருந்து ரத்தம் மோவாய்க்கு இறங்கியிருந்தது.

"உங்க மகன் உசுரோட இருக்கான். நல்லா இருக்கான். கார்காராவில சரக்கு எறக்கிட்டு இருக்கான். நேத்துகூடப் பேசுனேன்."

"பேசுனியா?"

"சத்தியமா."

"அப்ப யாரு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல மதினி. நாங்க வீட்டு விஷயமா வந்தோம். சாலை விஷயம்."

புருல்சா சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. கெரிம்பெக்கின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். இஷெனாலி பெரியவரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். உயிர் போய்த் திரும்பிவந்தவளிடம் கணக்குப் பேச வேண்டுமென்றால் அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கெரிம்பெக் பேசினான்.

பேச்சு புதிதில்லை. அந்த வருஷம் அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து கணவாய் வரைக்கும் சாலையை அகலப்படுத்தித் தார் போட வேண்டும், இரண்டு புதிய பேருந்து விட வேண்டும். ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. போன பனிக்காலத்தில் ஜூராவின் மருமகளுக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டரிலேயே பிரசவம் ஆனது. குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் பேருந்து வந்தால் அதைத் திருப்ப ஓர் இடம் வேண்டுமே. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மேலே கீழே எங்கே தேடினாலும் சமதரையாக இருப்பது புருல்சாவின் வீடும் முற்றமும் மட்டும்தான். இந்த மாதத்துக்குள் நிலத்தைக் காட்டாவிட்டால் பணம் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். அங்கே வாங்கிக்கொள்ள ஆட்கள் பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அளக்க வந்தவனை ரொட்டிக் கொக்கியால் விரட்டினாள். வரைபடத்தோடு வந்த பொறியாளரின் காலணி நிறைய மோரை ஊற்றினாள். மேட்டில் வேறு மனை தருகிறோம், பணமும் தருகிறோம் என்றார்கள். மேட்டில் லாரி நிற்குமா? அவள் சோறு தின்பதே இந்தத் திருப்பத்தில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு ரொட்டி விற்றுத்தான். சுவரின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் மொல்தோ மண் மிதித்தபோது அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவள். "என்னைத் தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சிட்டு அப்புறம் ரோடு போடுங்க" என்று ஊர்க் கூட்டத்திலேயே சொன்னவள்.

அன்று காலை அதே முற்றத்து மண்ணில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

"எடுத்துக்கோங்க."

கெரிம்பெக்குக்குத் தன் காதே நம்பிக்கையாக இல்லை. "எதை மதினி?"

"வீட்டை. அடுப்பை. எல்லாத்தையும். எம் புள்ளை இருக்கான், எனக்குச் சுவரு எதுக்கு? எடுத்துக்கோ."

"பெரியவங்க முன்னால சொல்றீங்க."

"அல்லா முன்னால சொல்றேன், போதுமா?"

ஆற விடுவானா கெரிம்பெக்? இஷெனாலி பெரியவரைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர் கொஞ்சம் தயங்கினார், அது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார். எல்லோரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி சொல்லி முகம் தடவிவிட்டால் எங்கள் ஊரில் அந்தப் பேச்சு முடிந்தது. கையெழுத்தெல்லாம் அரசாங்கத்தின் திருப்திக்குத்தான்.

"யாரும் போகக் கூடாது," என்றாள் புருல்சா. "எம் மகன் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிருக்கு. நேர்ச்சை கொடுக்காம உங்களை விடமாட்டேன்."

அவளிடம் இருந்தது ஒரே ஆடு. குளிர்காலத்துக்கென்று வைத்திருந்தது. அதை அவிழ்த்துவந்து தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் அறுத்தார்கள். ஜூரா வாய்க்காலில் குடலைக் கழுவ உட்கார்ந்தாள். புருல்சா கீறின கன்னத்தோடு போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்தாள், சமோவாரில் தண்ணீர் கொதிக்க வைத்தாள், கல்யாண வீட்டுக்காரி போல உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தாள்.

"ஏண்டி, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்றாள் ஜூராவிடம். "உனக்குத்தானே முதல்ல பஸ் வேணும்? வந்திருச்சு போ."

ஜூரா குடலைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். "கன்னத்துக்கு ஏதாவது போடு புருல்சா. எரியும்."

"எரியட்டும். எம் புள்ளைக்காகக் கீறினது, இனிக்குது."

ஜூரா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று புருல்சா நினைத்தாள். அடுப்பு எரிந்தது வேறு பக்கம்.

மத்தியானத் தொழுகை முடிந்து எல்லோரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆட்டுத்தலை இஷெனாலி பெரியவர் முன்னால் வைக்கப்பட்டது. அவர் அதை வெட்டத் தொடங்கினார். கெரிம்பெக்குக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. தார் எத்தனை விரல் கனம், பேருந்தில் கண்ணாடி எப்படி, உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடாக இருக்குமாம் என்றெல்லாம் அவனே அதைக் கட்டினவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் புருல்சாவின் போன் அடித்தது. திரையில் தைலாக்.

அவள் போனை நெஞ்சில் அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"டேய், தைலாக், எம் பொன்னு..."

"அம்மா," என்றான் மகன். "ஒத்துக்கிட்டியா?"

கோழி ஒன்று அவள் காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"என்னத்தை?"

"வீட்டைத்தான். கெரிம்பெக் மாமா இன்னைக்கு வர்றேன்னாரே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னம்மா, எனக்குத் தெரியாமலா? அந்த பஸ்ஸு வேலையே எனக்குத்தாம்மா. முதல் வண்டிக்கு நாந்தான் டிரைவர். மாமா பேசி முடிச்சிட்டாரு. இனிமே கணவாயில நிலக்கரி ஏத்த வேணாம். தெனமும் ராத்திரி வீட்டுக்கு வந்துருவேன்."

"எந்த வீட்டுக்குடா?"

அவன் சிரித்தான். அவள் கேட்டதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான்.

"போனை ஏன்டா எடுக்கல?" என்றாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்.

"மாமாதான் ரெண்டு நாள் எடுக்க வேணாம்னாரு."

"எப்படி வருவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

மறுமுனையில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை அணைத்தான்.

"எல்லாரும் சேர்ந்து, பேசாம, ஜூரா கையில கிண்ணத்தைக் கொடுத்து. உங்கப்பன் செத்தன்னைக்கு வந்த மாதிரி. இது தெரியுமான்னு கேக்குறேன்."

"அம்மா, கோவப்படாத."

"தெரியுமா?"

"நாந்தாம்மா சொன்னேன்." அவன் அவசர அவசரமாகப் பேசினான். "பணம் கொடுத்தாலும் அசைய மாட்ட, மிரட்டுனாலும் அசைய மாட்ட. உனக்கு என்னை விட்டா எதுவும் பெருசில்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு நிமிஷம் பயந்துட்டு, சந்தோஷத்துல சரின்னுருவன்னு சொன்னேன். இஷெனாலி தாத்தாகூட முதல்ல மாட்டேன்னாரு, நாந்தான் கெஞ்சுனேன். நல்லதுக்குத்தானேம்மா? அம்மா? இருக்கியா?"

புருல்சா போனைத் தந்தூரின் விளிம்பில் வைத்தாள். அது அங்கேயே "அம்மா, அம்மா" என்றுகொண்டிருந்தது. கன்னம் அப்போதுதான் எரியத் தொடங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர்க்காரன் செய்திருந்தால் கொக்கியை எடுத்திருப்பாள். மகனை எதை எடுத்து விரட்டுவது? அவள் மனதில் ஓடியது ஒன்றுதான். தான் இந்த மண்ணில் புரண்டு கத்தியது இப்படி இருக்கும், இவ்வளவு நேரம் இருக்கும் என்று அவன் முன்கூட்டியே யோசித்துப் பார்த்திருக்கிறான்.

உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஜூரா எழுந்துவிட்டாள். கெரிம்பெக் கறித்துண்டைக் கையில் பிடித்தபடி பேச்சை நிறுத்தினான். இஷெனாலி பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கக் கையூன்றினார்.

"உக்காருங்க," என்றாள் புருல்சா. "யாரும் எந்திரிக்க வேணாம்."

"மதினி, அதாவது..."

"நீ பேசாத கெரிம்பெக். சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்க மாட்டேன். வீட்டை இடிச்சுக்கோங்க. பஸ் வரட்டும். இவ மருமக அடுத்த புள்ளையை ஆஸ்பத்திரியில பெத்துக்கட்டும்."

அண்டாவில் கரண்டியை விட்டு சூப்பைக் கலக்கினாள். பெரியவரின் கிண்ணத்தை எடுத்து நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எம் புள்ளை பிழைச்சான்னு ஆட்டை அறுத்தேன். தப்பு எம்மேல. நீங்க எழவுதான் சொல்ல வந்தீங்க, சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் வெளங்க நேரமாயிருச்சு. சாப்பிடுங்க. எழவுச் சோத்தைப் பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது."

பெரியவர் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார், சூப் தாடியெல்லாம் சிந்தியது. மற்றவர்களும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்து போகத் துணியவில்லை. புருல்சா அண்டா காலியாகும்வரை ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டே இருந்தாள்.