ரூபியேலாவின் நாலாவது விலை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. சிகரெட் வரி ஏறியதும் யார் யார் குறைத்தார்கள் என்று கேட்டு எழுத, கொலம்பியாவின் மெதெயின் நகரில் என்னை வேலைக்கு வைத்தார்கள். நானும் புகைக்கிறவன்தான். என் நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர், இந்த வருஷமே விட்டாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தள்ளுவண்டிக்குப் பின்னால் பாவம், ஓர் ஏழைப் பெண்...’

வேண்டாம். ரூபியேலா படித்தால் உதைப்பாள்.

2

அவள் காப்பி, மிட்டாய், ஒவ்வொன்றாகச் சிகரெட் விற்கிறவள். என் படிவத்தில் சிகரெட் விலைக்கு ஒரே கட்டம்.

“யாருக்கு என்ன விலைன்னு கேக்கற?”

“எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா?”

“எல்லாரும் ஒண்ணா? காலேஜ் பசங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு பெசோ. ஏத்தினதும் பாதிப் பேரு மிட்டாய்க்கு மாறிட்டாங்க. பேங்க் மேனேஜருக்கு ரெண்டாயிரம். ஏத்தினதே அவருக்குத் தெரியல. எவேலியோவுக்குப் பழைய ஆயிரம்தான்.”

எவேலியோ எதிரே கார் நிறுத்துமிடத்துக் காவலாளி. வரி ஏறிய வாரம் அவர் சிகரெட்டைக் குறைக்கவில்லை, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். [என் படிவத்தில் சாப்பாட்டுக்குக் கட்டமே கிடையாது.] கண்டுபிடித்தவள் ரூபியேலா. இப்போது அவள் கண்முன்னே அரேப்பா என்கிற சோள ரொட்டி ஒன்றைத் தின்று முடித்தால்தான் அவருக்குச் சிகரெட்.

“முழுசா தின்னு, பெருசு. புறாவுக்குப் போடற வேலையெல்லாம் வேணாம்.”*

“எங்கம்மாகூட இப்படிப் படுத்தினதில்ல,” என்றபடி அவர் மென்றார்.

பொருளாதாரம் படித்த நான் படிவத்தின் ஓரத்தில் ‘அரேப்பா’ என்று எழுதிக்கொண்டேன். இவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைக் கதைக்குள் ஒளித்துவைக்கும் சாமர்த்தியம் என்னிடம் இல்லை.

* புறாக்களிடம் விசாரிக்கவில்லை.

3

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுப்பது மூவாயிரம்.

“எனக்கு மட்டும் ஏன்க்கா?”

“இருமறியே. வாராவாரம் இருநூறு ஏத்திட்டு வரேன். நீ கேப்பேன்னு பாத்தேன், கேக்கல.”

“நான் வேற வண்டிக்குப் போயிட்டா?”

“போயேன். அங்க எல்லாருக்கும் ஒரே விலைதான்.”

4

முடிவு ஒன்று: அன்றே விட்டுவிட்டேன். [பொய். எழுதும்போதே இருமினேன்.]

முடிவு இரண்டு: அடுத்த தெருவில் ஆயிரத்துக்கு வாங்கி...

இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.

நாளை திங்கள்கிழமை. விலை மூவாயிரத்து இருநூறு. படிவத்தில் என் பெயரையும் சேர்த்தேன்; அதற்கு நேரே ‘எந்த வகை’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மாணவரா, மேனேஜரா, எவேலியோவா, நீங்களே எழுதுங்கள். மேனேஜர் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏறியது எனக்குத் தெரிந்துவிட்டது.