கால் தட்டு மிச்சம்

ஒரே தெருவில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் பதினேழு பேர் இருந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? தராசும் நோட்டுமாக வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனவர், கடிகாரம் ரிப்பேர் செய்துவந்த கடிகாரக்காரர். வயது தொண்ணூற்று நான்கு. மதியம் ரொட்டி, பயறு, கீரை. முக்கால் தட்டு முடிந்ததும் எழுந்து கை கழுவிவிடுவார்.

'வயிறு முட்டச் சாப்பிடாததுதான் நீண்ட ஆயுளின் ரகசியம்' என்று பத்திரிகையில் வந்தது. உடனே தெருவே கால் தட்டு மிச்சம் வைக்க ஆரம்பித்தது. பூனைகள்தான் கொழுத்தன.

கடிகாரக்காரர் வாயே திறக்கவில்லை. என்னவென்று சொல்வார்? அவர் மனைவி பஸ் கண்டக்டராக இருந்தவள். ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, அவர் தட்டில் இருக்கும் மீதியைத்தான் சாப்பிடுவாள். தனித்தட்டு வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் போய்ப் பதினோரு வருஷம். இன்றும் அவர் தட்டை மூடி வைத்துவிட்டு, மூன்று மணி வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மாதம் எடை பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "நாலு கிலோ குறைஞ்சிருக்கு தாத்தா. இனிமே தட்டைக் காலி பண்ணணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவாங்க."

"முக்கால்தான் ஆயுள்னு எழுதினீங்களே?"

"எழுதினது நானில்ல!"

மறுநாள் முக்காலைத் தாண்டி ஒரு வாய் வைத்தார். தொண்டையில் இறங்கவில்லை. இதையும் தின்றுவிட்டால், மூன்று மணிக்கு எதற்காகக் கதவைப் பார்ப்பது?

மாடியிலிருந்து மச்சினி இறங்கி வந்தாள். மனைவியின் தங்கை, உடம்புக்கு எண்பத்தெட்டு, நாக்குக்கு இருபது.

"என்ன அத்தான், தட்டோட சண்டையா?"

மிச்சம் யாருக்கென்று முதல் தடவையாகச் சொன்னார்.

"பைத்தியக்கார மனுஷன்! நாளையிலேர்ந்து ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கங்க. உங்க பங்கை நீங்க சாப்பிடுங்க. அக்கா பங்குக்கு நான் வர்றேன்."

மறுநாள் மூன்று மணிக்குக் கதவு திறந்தது. மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயறிலிருந்த பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். அப்படியே அவள் அக்கா.

அவர் தினமும் மனைவியிடம் சொன்னதையே சொன்னார். "பூண்டு உடம்புக்கு நல்லது."

"அப்போ நீங்களே தின்னுங்க."

மனைவியும் இதையேதான் சொல்வாள். கடிகாரக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பல் விடாமல் தின்று முடித்தார்.