பைன் காட்டில் எரிந்த மெழுகுதிரி

அந்தக் கோடையில் லண்டனும் காய்ந்து கிடந்தது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்புறப் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. என் கணவர் அருள்நேசன் சுவிஸ் மலையிலிருந்து அழைத்தபோது நான் சமையலறையில் நின்றேன்.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் அந்த மலையடியில்தான் இருந்தோம். அவர் சமையல் வேலை செய்த விடுதிக்கு மேலே, மரங்கள் முடியும் உயரத்தில், மாதாவுக்குப் பலகையால் செய்த சிறு கூடு உண்டு. மகள் றூபினியின் இதயச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தால் அங்கே மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்திருந்தார். அவள் தேறியதும், நண்பன் பெனடிக்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

நேர்த்தி முடிந்தது, பஸ்ஸுக்கு நிற்கிறோம் என்றார். திரியை எரியவிட்டு இறங்கினாராம். நேர்த்தித் திரியை எங்கள் ஆட்கள் ஊதி அணைப்பதில்லை. அது தானாக எரிந்து முடியவேண்டும். மன்னாரில் கோயில் மணலில் கொளுத்திப் பழகியவர்கள் நாங்கள்.

எனக்கு அந்தக் காடு தெரியும். மழை மலையின் மறுபக்கத்திலேயே நின்றுவிடும். மேலே முறுகிய பைன் மரங்கள், பாதிப் பட்டை உரிந்து, பாதி உயிரோடு, தள்ளித் தள்ளி நிற்கும். கீழே நெருங்கி வீடுகள்வரை இறங்கும். தண்டெல்லாம் பிசின். கூட்டைச் சுற்றி ஊசிச் சருகு.

"இஞ்சருங்கோ, அங்கை காத்து அடிக்குதோ?"

"துவங்கிட்டுது," என்றார்.

பக்கத்தில் பெனடிக்றின் குரல் கேட்டது. "விடுங்கோ அண்ணை, மாதா பாத்துக்கொள்ளுவா. அவவின்ர வீடுதானே."

"அவவின்ர வீடு பலகையடா."

பொலிசுக்குச் சொல்லுங்கோ, நீங்கள் ஏறவேண்டாம் என்றேன். பெனடிக்ற் கீழே நின்று சொல்லட்டும், அவர்கள் வருமுன் தான் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார்.

"போனை வை, டொலறஸ். ஏறேக்கை கதைக்க ஏலாது."

அதன்பின் பெனடிக்ற் அடிக்கடி அழைத்தான். புகை தெரியவில்லை, பொலிஸ் வருகிறது, அண்ணை தொலைபேசியை எடுக்கவில்லை. தொலைக்காட்சியில் போர்த்துக்கல் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. றூபினி கேட்காதபடி சத்தத்தைக் குறைத்தேன். அப்பா எப்போது வருவார் என்று இரண்டுமுறை கேட்டாள். மலையில் நிற்கிறார் என்றேன்.

தொலைபேசி மறுபடி அடித்தது.

"அக்கா, காட்டுக்கு ஒண்டுமில்லை," என்றான் பெனடிக்ற். பிறகு அழத் தொடங்கினான்.

கூட்டின் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்ததாம். பக்கத்துப் பிசின் கொப்புளித்திருந்ததாம். அவர் திரியை அணைத்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். சரளைச் சரிவில் கால் வழுக்கியிருக்கிறது.

அடக்கம் முடிந்தபின் பெனடிக்ற் அந்தப் பையைக் கொண்டுவந்து தந்தான். திரியில் பாதிதான் எரிந்திருந்தது. கோயிலில் கொளுத்தலாம் என்றான். கோயில் பூட்டும்போது அங்கே எல்லாத் திரிகளையும் அணைத்துவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சமையலறைத் தட்டில் அதை நிறுத்திக் கொளுத்தினேன். யன்னல்களைச் சாத்தினேன். ஒரு கோப்பை தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தேன். மெழுகில் ஒரு பைன் ஊசி ஒட்டியிருந்தது. சுடர் அதைத் தொட்டதும் படபடவென்று எரிந்தது. பிசின் வாசம் வந்தது. என் கை கோப்பைக்குப் போய்விட்டது.

ஊற்றவில்லை. றூபினி வந்து என் தோளில் சாய்ந்து நின்றாள். திரி தானாக முடிந்து, புகையும் அடங்கியபிறகுதான் கோப்பையைக் கீழே வைத்தேன்.