ஒன்பது கார்களுக்கு ஒரு பம்ப்

பானட்டுக்குள் புதைந்திருந்த ராம்சினின் தலை வெளியே வருவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. வெர்னன் ஹால்வர்சன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புகைப் பரிசோதனைக் கூடத்தின் சுவரில் இருந்த நாட்காட்டியை ஆழ்ந்து ரசிப்பவர்போல நின்றிருந்தார். போன வருஷத்து நாட்காட்டி.

"சார், இதுல காத்துப் பம்ப் எங்க?"

"எது?"

"காத்துப் பம்ப். எழுபத்தாறு மாடல் கோரனாடோ காருக்கு இடது பக்கம் இருக்கணும். மாட்டுற கிளாம்ப் இருக்கு. பம்பக் காணோம்."

தன் எஞ்சினையே முதன்முறையாகப் பார்ப்பவர்போல வெர்னன் குனிந்து பார்த்தார். "யாராவது திருடிட்டாங்களோ?"

"திருடிட்டு, ஓட்டைய எல்லாம் அடைச்சு, மேல பெயிண்டும் அடிச்சுட்டுப் போயிருக்கான். நல்ல சுத்தமான திருடன்." ராம்சின் கையைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணுமில்ல சார். மிஷின் கேக்குது, பம்ப் இருக்கா இல்லையான்னு. இல்லைன்னா ஃபெயில். இருக்குன்னு பொய் அடிச்சா என் லைசென்ஸ் போயிடும். பம்ப் இல்லாததால புகையும் தேறல. எழுபத்தஞ்சு மாடலா இருந்தா நீங்க இங்க வரவே வேணாம்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. எழுபத்தைந்தும் அதற்கு முன்பும் பிறந்த கார்களின் சொந்தக்காரர்கள் தேவர்கள். அவர்கள் எவ்வளவு புகை விட்டாலும் சட்டம் அதைச் சாம்பிராணியாக எண்ணிக் கடந்துவிடும். எழுபத்தாறும் அதற்குப் பின்னும் பிறந்தவை மானிடப் பிறவிகள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரோலரில் ஏறி, பின்னால் குழாய் சொருகி, தம் பாவங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வயதான எந்தக் காருக்கும் விலக்கு என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. வெர்னனின் காருக்கு முப்பது நிறையப்போகும் சமயத்தில், எழுபத்தைந்தோடு போதும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அதைத் தனக்கெதிராகத் தனிப்பட்ட முறையில் செய்யப்பட்ட சதி என்றே அவர் கருதினார்.

சட்டத்தைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பள்ளத்தாக்கு கோரனாடோ கழகத்தின் தலைவர் அவர். காப்பீட்டு நிறுவனமொன்றில், இழப்பீடு கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று சொல்லும் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்தக் கலையை அப்படியே கழகத்துக்குக் கொண்டுவந்தார். ஆண்டுக் கண்காட்சியில் சிறிய டார்ச் விளக்கோடு ஒவ்வொரு பானட்டுக்குள்ளும் குனிவார். தொழிற்சாலையில் போட்ட திருகாணி இல்லையா, இரண்டு மதிப்பெண் போச்சு. கிளிப் புதுசா, ஒன்று போச்சு. "அசல் என்பது ஒரு பொருளல்ல, ஒரு ஒழுக்கம்" என்று கழகத்தின் செய்தி மடலில் எழுதியிருந்தார். தன் காரை மட்டும் தலைவர் என்ற முறையில் போட்டிக்கு விடாமல், பானட்டை மூடியே நிறுத்தி வைப்பார். ஊர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது.

புகையைச் சுத்தம் செய்யும் அந்தப் பம்ப் எஞ்சினின் வேகத்தை உறிஞ்சுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கார் வாங்கிய முதல் கோடையிலேயே அதைக் கழற்றிப் பாசனக் கால்வாயில் வீசிவிட்டார் வெர்னன். அதன்பிறகு மெர்செட் பக்கம் இருந்த ஒரு சிநேகிதர், குனியாமலே பரிசோதித்துத் தேற்றி அனுப்பிவந்தார். போன மாதம் அந்த சிநேகிதரும், எல்லோரையும்போல, இங்கே மனுஷன் வாழ முடியாது என்று சொல்லிவிட்டு ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார். சனிக்கிழமை டர்லாக் நகர ஊர்வலம். முதல் வண்டி வெர்னனுடையது. புகைப் பரிசோதனை தேறினால் கிடைக்கும் புது ஸ்டிக்கர் நம்பர் பிளேட்டில் இல்லாத வண்டிக்கு ஊர்வலத்தில் இடமில்லை என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவரே.

"பழைய சாமான் கடைங்கள்ல கேட்டுப் பாத்தியா?" என்றாள் மனைவி ஆர்லீன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி.

"எங்கயும் இல்ல. அந்தப் பம்ப் உலகத்துலயே இல்ல."

"டெல்ஃபினா கிட்ட இருக்கே."

வெர்னனின் முள்கரண்டி நின்றது. "அவகிட்ட இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும், வெர்ன்."

"எல்லாருக்கும்னா?"

"உன்னத் தவிர."

டெல்ஃபினா போர்ஜஸ், டர்லாக் நகரத்துக்கு மேற்கே மாட்டுப் பண்ணை வைத்திருந்தாள். கணவர் இறந்துபோன பிறகு அவருடைய எழுபத்தேழு கோரனாடோவுக்கு, கொட்டகையில் மிச்சமிருந்த, டிராக்டருக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை அடித்துவிட்டாள். "அந்த வண்டியைப் பார்த்தால் வைக்கோல் ஏற்றத் தோன்றுகிறது" என்று வெர்னன் செய்தி மடலில் எழுதினார். அன்றிலிருந்து அவள் கண்காட்சிக்கு வரவில்லை. ஆனால் சந்தாவை மட்டும் ஒவ்வொரு ஜனவரியும் முதல் ஆளாகக் கட்டிவந்தாள். அதில் ஒரு வன்மம் இருப்பதாக வெர்னனுக்குத் தோன்றும்.

அவர் போனபோது அவள் ரப்பர் பூட்சோடு கன்றுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெர்னன் தொண்டையைக் கனைத்தார். கன்றுக்குட்டி மட்டும் திரும்பிப் பார்த்தது.

"அடடே, தலைவரே! வைக்கோல் ஏத்த வந்தீங்களா?"

"டெல்ஃபினா, ஒரு ஆராய்ச்சிக்காக வந்தேன். அந்த வருஷங்கள்ல வந்த காத்துப் பம்ப் பத்தி மடல்ல ஒரு கட்டுரை…"

"டெஸ்ட் எப்போ?"

வெர்னன் பூட்சைப் பார்த்தார். "நாளைக்கு."

"அத முதல்லயே சொல்ல வேண்டியதுதான? பம்ப் இங்க இல்ல. வெண்டல்கிட்ட இருக்கு. சாயங்காலம் கொண்டு வந்துடுவான்."

வெண்டல் கழகத்தின் பொருளாளர். போன ஆண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றவர். "வெண்டலோட வண்டி முழுக்க அசல் ஆச்சே" என்றார் வெர்னன்.

"கண்காட்சி வாரத்துல அசல்தான். அந்த வாரம் பம்ப் அவன்கிட்ட இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் ரூபென்கிட்ட. யாருக்கு முறையோ அவங்களுக்குக் கோப்பை." அவள் புட்டியைச் சாய்த்துப் பிடித்தாள். "எழுபத்தாறுலயும் அதுக்குப் பின்னாலயும் வந்த வண்டி நம்ம கழகத்துல ஒன்பது. அதுல எட்டுக்கும் இந்த ஒரு பம்புதான். நீ ஒருத்தன்தான் வரல. உன்கிட்ட சொந்தமா இருக்குன்னு நாங்களும் மரியாதையா நெனச்சுட்டிருந்தோம்."

கோப்பை வென்ற கார்களில் பார்த்த பம்ப் வெர்னனுக்கு நினைவுக்கு வந்தது. பம்பின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் இருக்கும். 'தொழிற்சாலையின் கைரேகை' என்று அதைப் படம்பிடித்து மடலின் முகப்பில் போட்டிருந்தார். வெவ்வேறு கார்களில், மூன்று முறை.

"அந்த நசுங்கல்…"

"மாடு மிதிச்சது."

அவள் மன்னிப்புக் கேட்கச் சொல்வாள், அல்லது பச்சை நிறத்தைப் புகழ்ந்து எழுதச் சொல்வாள் என்று எதிர்பார்த்து, இரண்டுக்கும் கண்ணியமான வாக்கியங்களை வழியெல்லாம் தயாரித்து வந்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு சட்டம்தான்" என்றாள். "டெஸ்ட் முடிஞ்ச கையோட கழட்டிக் கொண்டு வந்துடணும். என் ஸ்டிக்கர் சனிக்கிழமையோட முடியுது. ராம்சின் அன்னிக்கு மத்தியானம் கடையப் பூட்டிட்டு சிகாகோவுக்குக் கல்யாணத்துக்குப் போறான். மூணு வாரம் ஆகும் வர. மத்தவனுங்க எவனும் நம்ம வண்டிய ரோலர்ல ஏத்த மாட்டான்."

"என் வார்த்தைய நம்புங்க" என்றார் வெர்னன்.

மறுநாள் ராம்சின் பானட்டைத் திறந்ததும் முகம் மலர்ந்தான். "வந்துட்டானா! என்ன பெரியவரே, சௌக்கியமா?" என்று பம்பைத் தட்டிக்கொடுத்தான். வெர்னன் நாட்காட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் ரோலரில் ஏறி உறுமியது. ராம்சின் திரையைப் பார்த்துத் தலையாட்டினான். "பம்ப் இருக்கான்னு கேக்குது, இருக்கு. எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கல. பாஸ்."

அன்று மாலை வெர்னன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். பானட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். பல வருஷமாகச் சொத்தைப் பல்போல இருந்த இடம் நிறைந்திருந்தது. குழாய்கள் எல்லாம் போகவேண்டிய இடத்துக்குப் போயின. டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டார். நூற்றுக்கு நூறு. தான் இத்தனை நாள் ஊருக்குச் சொன்ன பொய் கடைசியில் உண்மையாகிவிட்ட இந்த நேரத்தில், அதைத் தன் கையாலேயே கழற்றுவதா? ஊர்வலத்தில் மேடைக்கு முன்னால் முதன்முறையாகப் பானட்டைத் திறந்து காட்டலாம். ஒரே ஒரு நாள். அதற்குள் குடி முழுகிவிடாது.

"கொண்டு போய்க் குடுத்தாச்சா?" என்றாள் ஆர்லீன் மறுநாள்.

"சூடு ஆறட்டும்."

"நேத்து ஓட்டின வண்டிக்கு இன்னுமா சூடு?"

டெல்ஃபினா இரண்டு முறை போன் செய்தாள். வெர்னன் இரண்டு முறையும் தோட்டத்தில் இருந்தார். அவர் அவ்வளவு நேரம் தோட்டத்தில் இருந்து ரோஜாச் செடிகளே பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவின் இரு பக்கமும் மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டிகள், குடைகள். முன்னால் வெர்னன்; பின்னால் கழகத்து வண்டிகள்; அவற்றுக்கும் பின்னால் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு. வெர்னன் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அளவாக, அரச குடும்பத்தார்போல அசைத்துக்கொண்டு வந்தார். மக்கள் கையசைத்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து, கையில் ஸ்பேனரோடு தெருவில் இறங்கி, அவர் ஜன்னலோடு ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். ஊர்வலத்தின் வேகத்துக்கு அவள் அவசரப்படத் தேவையே இல்லை.

"சிரிச்சுகிட்டே பேசு தலைவரே, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். "பம்ப் எங்க?"

"டெல்ஃபினா, ஊர்வலம் முடிஞ்சதும் நானே கொண்டு வந்து…" வெர்னன் ஒரு குழந்தைக்குக் கையசைத்தார்.

"முடியறதுக்குள்ள ராம்சின் ப்ளேன்ல ஏறிடுவான். அப்புறம் மூணு வாரம் என் வண்டி கொட்டகையிலதான் நிக்கணும். மாடுங்களோட."

"இங்க எப்படி? எல்லாரும் இருக்காங்க. மேடை வந்துடுச்சு."

"ஆமா, மேடை வந்துடுச்சு. அங்க வெச்சு நான் தொறக்கட்டுமா, நீயே தொறக்கறியா?"

மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் வெர்னனே எழுதிக்கொடுத்திருந்த தாளை வாசிக்கத் தொடங்கினார். "இதோ வருகிறது, நமது பள்ளத்தாக்கின் பெருமை! தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு திருகாணிகூட மாற்றப்படாத…"

வெர்னன் டெல்ஃபினாவைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. பால் கறக்கும் நேரம் தவறுகிறதே என்ற கவலைபோல ஒன்று மட்டும் இருந்தது. முப்பது வருஷம் எத்தனையோ முகங்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழகிய அவருக்கு, ஏனோ இந்த முகத்துக்குச் சொல்ல வரவில்லை. வண்டியை நிறுத்தினார். இறங்கினார். பானட்டைத் தூக்கினார். கூட்டம் கைதட்டியது.

டெல்ஃபினா குனிந்தாள். "மேல் போல்ட்டு இறுகிக் கெடக்கு!"

அவ்வளவுதான். பின்னால் நின்ற கார்களின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. வெண்டல் ஓடிவந்தார். ரூபென் ஓடிவந்தார். கழகத்தின் மரியாதைக்குரிய ஏழு உறுப்பினர்களும் ஆளுக்கொரு ஸ்பேனரோடு ஓடிவந்தார்கள். "அத முதல்ல தொடாத, கீழ உள்ளதத் தளர்த்து." "குழாய இடது பக்கம் திருகி இழு, நேரா இழுத்தா வராது." "பாத்து, அந்த நசுங்கல் பக்கம் சுடும்." தம் வாழ்நாளில் அந்தப் பம்பைத் தொட்டதே இல்லாதவர்களாக நடிக்க யாருக்கும் நேரமில்லை. அவர்கள் கைகள் இருட்டிலும் அந்த வேலையைச் செய்யக்கூடியவை.

"…அசல் என்பது ஒரு பொருளல்ல" என்றது ஒலிபெருக்கி, "ஒரு ஒழுக்கம்…" அறிவிப்பாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, கீழே நடப்பதைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்து, வேறு வழி தெரியாமல் அந்த வாக்கியத்தை இன்னொருமுறை வாசித்தார். பின்னால் பேண்டுப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பம்ப் கழன்று வந்தது. சூடு தாங்காமல் வெண்டல் தன் தொப்பியைக் கழற்றி அதில் ஏந்திக்கொண்டார். தொப்பி கைமாறிக் கைமாறிச் சந்துக்குள் போனது. அங்கே பச்சை வண்டி பானட்டை ஆவென்று திறந்துகொண்டு காத்திருந்தது.

"பம்ப ஓட்டுற பெல்ட்டு?" என்று வெர்னன் கத்தினார்.

"என்கிட்ட வேற இருக்கு. நீயே வெச்சுக்கோ!"

பெல்ட் அவர் கையில் இருந்தது. கரி படிந்த, சூடான பெல்ட். சீட்டில் வைத்தால் அசல் துணி கறைபட்டுவிடும். வண்டி ஓட்ட ஒரு கை வேண்டும், கையசைக்க இன்னொரு கை வேண்டும். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அடைக்க நேரமில்லாமல் விட்ட குழாய்களின் வழியே எஞ்சின் படாரென்று வெடித்தது. பேண்டின் தலைவன் அதைத் தனக்கான சைகை என்று நினைத்துக் கோலை உயர்த்தினான். டிரம்கள் முழங்க, வெள்ளைச் சட்டையில் கறுப்பு வளையம் இறங்க, வெர்னன் ஹால்வர்சன் நீலப் புகைக்கு முன்னால் அரச குடும்பத்தார்போல மெல்லக் கையசைத்தபடி நகர்ந்தார். சந்துக்குள்ளிருந்து ஒரு பச்சை வண்டி, எதிர்த் திசையில், ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது.