ஒரு சொட்டு போதும்

மகள் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய் மூன்று நாளாகிறது. "உன் படிப்பு உருப்படாது" என்று நான் சொன்னது தப்புத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்; எடுத்தால்தானே! இன்று காலை ஒன்பதுக்குள் பதினொரு தடவை ஆயிற்று. இப்படியே பேசாமல் போய்விடுவாளோ என்று பயம்.

எனக்கு வேலை செல் ஆய்வகத்தில். தட்டில் வளரும் செல்கள்மேல் ஒரு சொட்டு ஹார்மோன் விட வேண்டும். அது உள்ளே போகாது. செல்லின் மேல்தோலில் வாசல்காரன்போல் இருக்கும் ஏற்பியைத் தொட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிடும். ஏற்பி அசைந்ததும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுவன் ஆயிரக்கணக்கில் பிறந்து, சேதி சொல்லிக்கொண்டு ஓடுவான். அவன் பெருகினால் பச்சை ஒளி ஏறும்படி செல்லுக்குள் ஒரு சாயம் வைத்திருக்கிறோம்.

முதல் சொட்டுக்குப் பளிச்சென்று ஏறி, அப்புறம் மங்கியது. எனக்குப் பொறுக்குமா? போனைப் போடுவேன், மணி அடித்து ஓயும், அந்த எரிச்சலில் இன்னொரு சொட்டு. மறுபடி போன், மறுபடி சொட்டு. பத்து மணிக்குத் தட்டு கும்மிருட்டு.

"மருந்து கெட்டுப்போச்சு!" என்று கத்தினேன்.

பக்கத்து மேஜைக்காரர் வந்து குனிந்து பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவரைச் சோடாபுட்டி என்போம்.

"மருந்தும் நல்லாருக்கு, செல்லும் உயிரோடதான் இருக்கு. நீங்க விட்ட விடுல ஏற்பியெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு மேடம். வாசல்ல ஆளே இல்ல, யார்கிட்ட சொல்லுவீங்க?"

"இப்ப என்ன செய்யறது?"

"கழுவிட்டு சும்மா இருங்க, ஏற்பி தானா வெளிய வரும். அதான் உங்களுக்கு வராதே!"

இருபது வருஷமாக மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுவிப் புதுத் திரவம் ஊற்றினேன். கையில் போன் இருந்தது. அதன் சத்தத்தை அணைத்து, இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைச் சோடாபுட்டியிடமே கொடுத்துவிட்டேன்.

இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய குடுவைகளையே மறுபடி கழுவினேன். பன்னிரண்டுக்குச் சாவியைக் கேட்டேன். "மூணு மணிக்கு" என்றார் மனுஷன், தலையைக்கூடத் தூக்காமல். கடிக்க நகம் மிச்சமில்லை.

மூன்று மணிக்கு ஒரே ஒரு சொட்டு விட்டேன். பச்சை மெல்ல ஏறியது. கை இரண்டாவது சொட்டுக்குப் போனது. சோடாபுட்டி சாவியால் மேஜையைத் தட்டினார்.

கையை இழுத்துக்கொண்டு, சாவியை வாங்கி இழுப்பறையைத் திறந்தேன். மகள் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். கீழே ஒரு செய்தி: "அம்மா, என்னாச்சு? பத்து மணிலேர்ந்து உன் போனே வரல. பயமா இருக்கு."

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. சொல்ல இன்னும் நூறு இருந்தது எனக்கு. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் பேசட்டும் என்று நின்றேன்.