காதுக்காரரின் ஸ்க்ரூடிரைவர்

"காது உள்ளவர் கோடி உண்டு, இரும்பின் இதயத்தைக் கேட்கப் பிறந்தவர் ஒருவரே" என்று மெக்கானிக் சங்கத் தலைவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவருக்கோ ஐந்து வருடமாக, சோறு ஆறுகிறது என்று மனைவி வாசலில் நின்று கத்துவதே கேட்டதில்லை.

அது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் காதுக்காரர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினால், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கருவிகள் அடுக்கிய பெரிய கடைகளைத் தாண்டி லாரிகள் அவர் பட்டறையில் வந்து நின்றது அதற்காகத்தான்.

காது போனதும் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். நான்காம் நாள் மகள் ஒரு ஸ்கேனர் வாங்கி வந்தாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் கோளாறை எழுதிக் காட்டும். அப்பா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரோடு கண்மூடி நிற்பார். அவள் சீட்டைத் துடைக்கிற சாக்கில் வண்டிக்குள் ஏறி ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் வந்து முதுகில் விரலால் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் இரண்டாவது. அவர் இன்னும் சற்றுத் தவம் செய்துவிட்டு, "ரெண்டாவது அழுவுது" என்பார். ஒருநாளும் இன்னொரு முறை தட்டச் சொன்னதில்லை.

தலைவர் ஸ்க்ரூடிரைவரை உயர்த்திப் பிடித்தார். சங்கக் கட்டடத்தில் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறார்களாம்.

"இனிமே யாருகிட்ட போறது?" என்றார் ஆறு லாரி வைத்திருந்தவர், கண்ணைத் துடைத்தபடி.

"அதான் பொண்ணு இருக்கே" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அது மிஷின வச்சுத்தானேய்யா பாக்கும். மிஷின் எந்தக் கடையில இல்ல? நாளைக்கே பெரிய கடையில விட்டுடப் போறேன்."

ரகசியமாகத்தான் சொன்னார். மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். இவரே போனால் மற்றவர்களும் போவார்கள். பட்டறையை மூட வேண்டியதுதான். ஐந்து வருடமாகப் பார்த்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டறை பிழைக்கும். அப்பா வெறும் செவிடராகப் பயணம் போவார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கலைந்திருந்த மாலையைச் சரிசெய்யத் தொடங்கினாள். மகள் வார்த்தையை விழுங்கினாள்.

அப்போது சவ வண்டி வந்து நின்றது. இன்ஜின் குளிர்காய்ச்சல் வந்ததுபோல உதறியது. முப்பது மெக்கானிக்குகள் திரும்பிப் பார்த்தார்கள். காதுக்காரர் எதிரில் படுத்திருக்க, ஒருவரும் கிட்டே போகவில்லை.

"தலைவரே, நீங்க கேட்டுப் பாருங்களேன்."

"எனக்குத் தொண்டை சரியில்லப்பா."

மகள் எழுந்துபோய் அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கினாள். பானெட்டைத் திறந்து முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினாள். பிடியில் அப்பாவின் தலை எண்ணெய் மணந்தது. இன்ஜின் மண்டைக்குள் தடதடவென்று இடித்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தேவைக்கு மேல் நேரம் நின்றாள். முதுகு மட்டும் எதற்கோ காத்திருந்தது.

"மூணாவது அழுவுது" என்றாள்.

ஒருவர் ஓடிவந்து மூன்றாவது இன்ஜெக்டரின் வயரைக் கழற்றினார். சத்தம் இம்மியும் மாறவில்லை. அப்படியென்றால் அந்த இன்ஜெக்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் இருந்தது.

"அப்பன் காது அப்படியே வந்திருக்கு" என்றார் லாரிக்காரர். "திங்கக்கிழமை நம்ம பெரிய வண்டிய அனுப்புறேம்மா."

சவ வண்டியின் டிரைவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூணாவது இன்ஜெக்டர் போய் ஒரு மாசமாச்சு, வண்டி கொஞ்சம் ஆடும், தப்பா நினைக்காதீங்க என்று காலையில் போனில் அவர் அவளிடம் சொல்லியிருந்தார்.